பக்கத்தில் நிற்பவள்

மகளிர் டென்னிஸின் மகத்தான ஜோடிகளும், அவர்களுக்கு இந்த ஆட்டம் பட்டிருக்கும் கடனும்

1985 ஜூலை 6, விம்பிள்டன். மகளிர் இரட்டையர் இறுதி ஆட்டத்தின் முதல் செட்டை மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் பாம் ஷ்ரைவரும் 7-5 என்று எடுத்தார்கள். எதிர்பார்த்ததுதான். அந்த ஜோடி கடைசியாகத் தோற்று இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 1983 ஏப்ரலில் தொடங்கிய வெற்றி வரிசை 109 ஆட்டங்களைத் தொட்டிருந்தது. அந்தக் காலத்துக்குள் அடுத்தடுத்து எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள். 1984இல் நான்கு பெரிய போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றிருந்தார்கள்.

அன்று எதிரே நின்றவர்கள் அமெரிக்காவின் கேத்தி ஜோர்டனும் ஆஸ்திரேலியாவின் லிஸ் ஸ்மைலியும். அடுத்த இரண்டு செட்களையும் அவர்கள் 6-3, 6-4 என்று பறித்துக்கொண்டார்கள். 110ஆவது வெற்றி வரவே இல்லை. அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த 109ஐ இன்னொரு ஜோடி இதுவரை எட்டவில்லை.

இந்தச் சாதனையைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வியும் கூடவே வரும். உலகின் முதல்நிலை வீராங்கனை பக்கத்தில் இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரட்டையர் ஆட்டத்தைக் கொஞ்ச காலம் கூர்ந்து பார்த்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஒற்றையர் ஆட்டம் என்பது எதிராளியின் பலவீனத்தைத் தேடிப் பிடிக்கும் வேட்டை. பேக்ஹேண்ட் தடுமாறுகிறதா, அங்கேயே அடி. இரண்டாவது சர்வ் மெதுவாக வருகிறதா, முன்னேறி நின்று விளாசு. இரட்டையரிலும் அந்த வேட்டை உண்டு. ஆனால் அதற்கு மேலாக ஒரு வேலை இருக்கிறது. தன் பக்கத்தில் நிற்பவளின் பலவீனம் என்ன என்று உலகத்தில் யாரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அது எதிராளியின் கண்ணில் படாமல் காப்பது. பெரிய ஜோடிகளைப் பெரிய ஜோடிகளாக்கியது இந்த வேலைதான். இதைச் செய்தவர்களுக்குக் கிடைத்த கூலியோ மிகவும் குறைவு.

மார்ட்டினாவும் பாமும் சேர்ந்த கதையையே பாருங்கள். மார்ட்டினா 1975இல், 18 வயதில், செக்கோஸ்லோவாகியாவைத் துறந்து அமெரிக்காவில் தஞ்சம் கேட்டவர். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1981இல்தான். பாம் ஷ்ரைவரோ பால்டிமோரில் வளர்ந்த உயரமான பெண். 1978 அமெரிக்க ஓபனில் 16 வயதில் அரையிறுதியில் அதே மார்ட்டினாவை வீழ்த்தி ஒற்றையர் இறுதிக்குப் போய் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தவர். அதன்பின் ஒற்றையரில் எந்த கிராண்ட்ஸ்லாமிலும் அவரால் இறுதியை எட்ட முடியவில்லை. 1981இல் இருவரும் ஜோடி சேர்ந்தபோது மார்ட்டினாவுக்கு 24, பாமுக்கு 18. அந்த ஆண்டே விம்பிள்டன் பட்டம்.

மார்ட்டினா இடது கை, பாம் வலது கை. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியாது. இரட்டையரில் ஒரு செட் முழுக்க ஒருவர் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போட வேண்டியிருக்கும். சர்வ் சுற்றும் முறையும் முனை மாறும் முறையும் அப்படி அமைந்திருக்கின்றன. வெயில் ஒரு முனையில் வலது கைக்காரர் பந்தைத் தூக்கும் இடத்தில் கண்ணைக் கூசினால், அந்த முனையை இடது கைக்காரர் எடுத்துக்கொள்ளலாம். சூரியனைக்கூட எதிராளிகளுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். மார்ட்டினா கால்களால் ஆடுபவர்; கோர்ட்டின் எந்த மூலைக்கும் ஓடுவார். பாமின் கால்களுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஆனால் வலையருகில் அவருடைய நீண்ட கைகளைத் தாண்டிப் பந்தை அனுப்புவது கடினம்; எங்கே அடிக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்கு எப்போதும் பிசகாது. பாமின் தலைக்கு மேல் போகும் லாப்புகளுக்கு மார்ட்டினா ஓடினார். மார்ட்டினாவின் சர்வைத் திருப்பி அடிக்கத் திணறிய எதிராளியின் தளர்ந்த பந்தை பாம் வலையருகில் முடித்துவைத்தார். இருவரும் சேர்ந்து 20 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், மொத்தம் 79 பட்டங்கள்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 1982 அமெரிக்க ஓபன் ஒற்றையர் காலிறுதியில் பாம், மார்ட்டினாவை வென்றார். அந்த ஆண்டு மார்ட்டினா மிக அரிதாகவே தோற்றுக்கொண்டிருந்தார். அவரை எப்படி அசைக்கலாம் என்பது தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகும் ஜோடி உடையவில்லை. எனக்கு 109ஐவிட இது பெரிதாகத் தெரிகிறது.

36 அடி அகலத்தில் நடப்பது

ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 27 அடி. இரட்டையருக்கு இருபுறமும் நாலரை அடி கூடி 36 அடியாகிறது. ஆள் இரண்டு மடங்கு, இடமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். ஆகவே ஓடிப் பிடிப்பதைவிட நின்று கணிப்பதுதான் முக்கியமாகிறது. சர்வ் போடுபவரின் தோழி வலையருகில் நின்று, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களால் சைகை காட்டுவார். சர்வ் எங்கே விழ வேண்டும், அது விழுந்ததும் நான் குறுக்கே பாயப் போகிறேனா, இருந்த இடத்திலேயே இருப்பேனா என்பதெல்லாம் அந்தச் சைகையில் அடக்கம். குறுக்கே பாய்ந்து பந்தை மறிப்பதை போச்சிங் என்பார்கள். பாய்ந்தவர் தவறவிட்டால் அவர் விட்டுப்போன பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். அதை ஓடி அடைப்பது சர்வ் போட்டவரின் பொறுப்பு. நீ துணிந்து போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற உறுதி இல்லாவிட்டால் யாரும் பாய மாட்டார்கள்.

நடுவில் வரும் பந்துதான் ஜோடியின் உண்மையான சோதனை. இருவருக்கும் எட்டும், அதனாலேயே இருவரும் விட்டுவிடுவார்கள். பழகாத ஜோடிகள் தோற்பது பெரும்பாலும் அந்த நடுக்கோட்டில்தான். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் இருவரும் நெருங்கி வந்து, வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு ஏதோ பேசுகிறார்களே, அதில் பாதி அடுத்த புள்ளிக்கான திட்டம். மீதி, இப்போது தவறவிட்டவளைத் தேற்றுவது. டபுள் ஃபால்ட் போட்டவளிடம் என்ன சொல்வது, எப்போது ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் தட்டிவிட்டுப் போவது என்பது எந்தப் பயிற்சியாளரும் கற்றுக்கொடுக்க முடியாத பாடம்.

மறுபக்கம் நின்ற ஒரே நாள்

இந்தக் கலையின் முதல் மேதை எலிசபெத் ரயன். 1892இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். விம்பிள்டனில் 12 மகளிர் இரட்டையர், 7 கலப்பு இரட்டையர் என 19 பட்டங்கள் வென்றார். ஒற்றையரில் ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட இல்லை. பிரான்சின் சுசான் லாங்லென், அந்தக் காலத்தில் யாராலும் வெல்ல முடியாத அரசி, ரயனைத்தான் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். இருவரும் சேர்ந்து விம்பிள்டனை ஆறு முறை வென்றார்கள்.

1926இல் பிரெஞ்சு டென்னிஸ் சங்கம் குறுக்கிட்டது. லாங்லென் பிரெஞ்சுக்காரியுடன்தான் ஆட வேண்டும் என்று ரயனிடமிருந்து அவரைப் பிரித்து டிடி வ்லாஸ்டோவுடன் சேர்த்தது. முதல் சுற்றிலேயே எதிரே வந்து நின்றவர் ரயன், மேரி பிரௌனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதல் செட் லாங்லெனுக்கு 6-3. இரண்டாவது செட் 9-7 என்று நீண்டு ரயன் பக்கம் வந்தது. மூன்றாவது 6-2. லாங்லென் தோற்றார். அரசியின் ஆட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளை, அவருக்கு எதிராகவே சங்கத்தார் நிறுத்திவைத்துவிட்டார்கள். ரயனும் பிரௌனும் அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றார்கள். அந்த ஆண்டுக்குப் பின் லாங்லென் விம்பிள்டனில் ஆடவே இல்லை.

ரயனின் 19 பட்டங்கள் என்ற சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. பில்லி ஜீன் கிங் 19ஐத் தொட்டு, 1979இல் 20ஆவதற்காக இரட்டையர் இறுதிக்கு வந்தார். அன்று அவருக்குத் துணை மார்ட்டினா. இறுதி ஆட்டம் ஜூலை 7. அதற்கு முந்தைய நாள், 87 வயது ரயன் விம்பிள்டன் வளாகத்திலேயே மயங்கி விழுந்து இறந்தார். அடுத்த நாள் பில்லி ஜீன் வென்றார்.

இரண்டு வாசல்கள் மூடியபோது

பட்டங்களின் எண்ணிக்கையில் பார்த்தால் ஆல்தியா கிப்சனும் ஏஞ்சலா பக்ஸ்டனும் இந்த வரிசையில் வரவே மாட்டார்கள். சேர்ந்து வென்றவை இரண்டே கிராண்ட்ஸ்லாம்கள், இரண்டும் 1956இல். ஆனாலும் இவர்களைத் தவிர்த்துவிட்டு மகளிர் இரட்டையர் பற்றி ஒரு கட்டுரை எழுத என்னால் முடியாது.

கிப்சன் 1927இல் தெற்கு கரோலினாவில் பருத்தி வயலில் கூலி விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெமில் தெருவில் ஆடி வளர்ந்தவர். கறுப்பினத்தவர் என்பதால் அமெரிக்கத் தேசியப் போட்டியின் கதவு அவருக்கு மூடியே இருந்தது. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் சூடாக எழுதிய பிறகுதான் 1950இல் அது திறந்தது. உள்ளே போனபின்பும் நிலைமை எளிதாகவில்லை. பல கிளப்புகளில் உடைமாற்றும் அறையில் இடமில்லை, உணவு மேஜையில் இடமில்லை, கூட ஆட ஆளில்லை. 1955இல் ஆட்டத்தையே விட்டுவிட்டு ராணுவத்தில் சேரும் யோசனையில் இருந்தார். அப்போதுதான் அமெரிக்க வெளியுறவுத் துறை நல்லெண்ணப் பயணமாக அவரை ஆசியாவுக்கு அனுப்பியது. அந்தப் பயணத்தில் இந்தியாவில் அவர் சந்தித்தவர்தான் ஏஞ்சலா பக்ஸ்டன்.

பக்ஸ்டன் லிவர்பூலில் பிறந்த யூதப் பெண். யூதர் என்பதாலேயே லண்டனில் ஒரு கிளப் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. அவருக்கும் நிலையான ஜோடி கிடையாது. யாரும் சேர்த்துக்கொள்ளாத இருவர், ஒருவரையொருவர் சேர்த்துக்கொண்டார்கள். 1956 பிரெஞ்ச் போட்டியில் கிப்சன் ஒற்றையரை வென்று கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். இரட்டையரை இருவரும் சேர்ந்து வென்றார்கள். சில வாரங்கள் கழித்து விம்பிள்டனிலும் இரட்டையர் பட்டம். அந்த விம்பிள்டனில் ஷர்லி ஃப்ரை கிப்சனைக் காலிறுதியில் வென்றார், இறுதியில் பக்ஸ்டனையும் வென்றார். தனித்தனியாக அவரிடம் தோற்ற இருவரும் சேர்ந்து நின்றபோது கோப்பை கிடைத்தது.

பக்ஸ்டனின் ஆட்டம் மணிக்கட்டுக் காயத்தால் சீக்கிரமே முடிந்துவிட்டது. கிப்சன் 1957, 1958 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன், அமெரிக்க ஒற்றையர் பட்டங்களை வென்றார். அமெச்சூர் காலம் அது. கோப்பை உண்டு, பணம் கிடையாது. நாட்டின் பெருமை என்று ஊர்வலம் விட்டவர்கள் பிறகு மறந்துபோனார்கள்.

1990களின் நடுவில், உடல்நலம் கெட்டு, வாடகைக்கும் மருந்துக்கும் வழியில்லாமல் இருந்த கிப்சன் பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தார். இனி வாழ வேண்டாம் என்ற மனநிலையில் இருந்தார். பக்ஸ்டன் முதலில் தன் கையிலிருந்த பணத்தை அனுப்பினார். பிறகு ஒரு டென்னிஸ் வார இதழில் கிப்சனின் நிலைமை பற்றிய கடிதம் வெளிவர ஏற்பாடு செய்தார். உலகெங்கிலுமிருந்து பணம் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் என்கிறார்கள். கிப்சன் 2003 வரை வாழ்ந்தார். பக்ஸ்டன் 2020இல் இறந்தார். அவர்கள் ஜோடியாக ஆடியது ஒரு சில மாதங்கள்தான். நாற்பது ஆண்டுகள் கழித்துத் தோழி வீழ்ந்து கிடந்தபோது ஓடி வந்தவர் பழைய இரட்டையர் துணைதான்.

ஒரு டாலர் கையெழுத்து

இன்று மகளிர் டென்னிஸ் ஒரு தொழிலாக நிற்பதற்கு விதை போட்டவர்களில் ஒரு ஜோடியும் உண்டு. பில்லி ஜீன் கிங்கும் ரோஸி காசல்ஸும் விம்பிள்டனை ஐந்து முறை சேர்ந்து வென்றவர்கள். காசல்ஸின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். சான் பிரான்சிஸ்கோவின் பொது கோர்ட்டுகளில் ஆடிப் பழகியவர். 1970இல் லாஸ் ஏஞ்சலிஸ் போட்டி ஒன்றில் ஆண்கள் சாம்பியனுக்கு 12,500 டாலர், பெண்களுக்கு 1,500 என்று அறிவித்தபோது பெண்கள் பொறுமை இழந்தார்கள். பத்திரிகை நடத்திய கிளாடிஸ் ஹெல்ட்மன் ஹூஸ்டனில் தனிப் போட்டி ஏற்பாடு செய்தார். ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பில்லி ஜீனும் ரோஸியும் அந்த ஒன்பதில் இருவர். சங்கங்கள் தடை போடும் என்று தெரிந்தே போட்ட கையெழுத்து அது. 1973இல் மகளிர் டென்னிஸ் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு அமெரிக்க ஓபன் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு கொடுத்தது.

ஒரே வீட்டிலிருந்து

வில்லியம்ஸ் சகோதரிகளைப் பற்றி ஒரு எண்ணைச் சொன்னால் போதும். வீனஸும் செரீனாவும் சேர்ந்து 14 கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் இறுதிகளுக்குப் போனார்கள், பதினான்கையும் வென்றார்கள். கூடவே மூன்று ஒலிம்பிக் தங்கம்: 2000, 2008, 2012. அவர்கள் இரட்டையர் போட்டிகளில் அவ்வளவாக ஆடியதும் கிடையாது. 2012, 2016 விம்பிள்டன்களில் போட்டியின் சீடிங் பட்டியலில் இடமே இல்லாமல் வந்து பட்டத்தைத் தூக்கிச் சென்றார்கள். கலிஃபோர்னியாவின் காம்ப்டனில், தந்தையிடம் ஒரே கோர்ட்டில் கற்றுக்கொண்ட அக்கா தங்கைக்கு முதுகுக்குப் பின்னால் சைகை எதற்கு? ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் இறுதிகளில் ஒன்பது முறை ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற பெண்கள், இரட்டையரில் ஒருவருக்காக ஒருவர் நின்றார்கள்.

2022 அமெரிக்க ஓபனில், ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த செரீனாவுடன் வீனஸ் சேர்ந்து ஆடினார். இரட்டையர் முதல் சுற்று ஆட்டம் ஒன்று ஆர்தர் ஆஷ் அரங்கில் இரவு நேரத்தில் நடந்தது அதுவே முதல் முறை. செக் நாட்டின் ஹ்ராடெட்ஸ்காவும் நோஸ்கோவாவும் அவர்களை வென்றார்கள். தோல்வியை விடுங்கள். நல்ல அரங்கமும் நல்ல நேரமும் கொடுத்தால் இரட்டையர் பார்க்கக் கூட்டம் வருமா என்ற சந்தேகத்துக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

ப்ருனோவிலிருந்து ஹைதராபாத் வரை

சானியா மிர்ஸாவின் கதையைத் தொடங்க, யானா நோவோட்னாவிடம் போக வேண்டும். செக் வீராங்கனை. 1993 விம்பிள்டன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னிலையில் இருந்து, டபுள் ஃபால்ட் போட்டு, பதறித் தோற்று, பரிசளிக்க வந்த கெண்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுதவர். அதே நோவோட்னா இரட்டையரில் 12 கிராண்ட்ஸ்லாம் வென்றவர். 1998இல் அவருக்கு ஜோடி மார்ட்டினா ஹிங்கிஸ். முந்தைய ஆண்டு விம்பிள்டன் இறுதியில் நோவோட்னாவைத் தோற்கடித்தவர் இந்த ஹிங்கிஸ்தான். 1998 அரையிறுதியில் நோவோட்னா ஹிங்கிஸைத் திருப்பி வென்று, இறுதியையும் வென்று, கடைசியில் சாம்பியனுக்குரிய தட்டைக் கையில் ஏந்தினார். அதே போட்டியில் இருவரும் சேர்ந்து இரட்டையரையும் வென்றார்கள். அடுத்த ஆண்டு அந்த ஜோடி பிரிந்தது. பிரிவு இனிமையாக இல்லை.

பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, காயங்களும் ஓய்வுகளும் திரும்பி வருதல்களும் கடந்து, ஹிங்கிஸ் 2015 மார்ச்சில் சானியாவுடன் சேர்ந்தார். சானியா ஒற்றையரில் உலகின் 27ஆம் இடம் வரை போனவர். மணிக்கட்டும் முழங்காலும் ஒத்துழைக்காததால் 2013இல் ஒற்றையரை விட்டிருந்தார். சானியாவின் ஃபோர்ஹேண்டை எதிர்கொள்வது யாருக்கும் எளிதல்ல. கோர்ட்டில் நகர்வதும் வலையருகில் ஆடுவதும் அவருக்கு அந்த அளவுக்குக் கைவரவில்லை. ஹிங்கிஸின் சர்வ் எப்போதுமே மெலிந்தது. ஆனால் வலையருகில் அவருடைய கைகளும், பந்து எங்கே வரும் என்ற முன்னறிவும் தலைமுறைக்கு ஒருவருக்கே வாய்ப்பவை. ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் அப்படியே இருந்தது. இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று சேர்ந்தவுடனே மூன்று பட்டங்கள். ஏப்ரலில் சானியா உலகின் முதல்நிலை இரட்டையர் வீராங்கனை ஆனார். அந்த இடத்தைத் தொட்ட முதல் இந்தியப் பெண்.

அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதி. ரஷ்யாவின் மகரோவாவும் வெஸ்னினாவும் முதல் செட்டை 7-5 என்று எடுத்தார்கள். இரண்டாவதை டை பிரேக்கரில் சானியா ஜோடி மீட்டது. மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கியபோது எல்லாம் முடிந்தது போலத்தான் இருந்தது. அங்கிருந்து 5-5. வெளிச்சம் குறைய, ஆட்டம் நின்று, கூரை மூடி, விளக்குகள் எரிந்தன. திரும்பி வந்து 7-5 என்று முடித்தார்கள். மகளிர் இரட்டையரில் கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் சானியாவுக்கு அன்று வந்தது. அந்த மூன்றாவது செட்டைப் பார்க்காதவர்கள் இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். பந்துக்குப் பந்து ஒருவர் மற்றவரைத் தூக்கி நிறுத்துவது தெரியும். பிறகு அமெரிக்க ஓபன், 2016இல் ஆஸ்திரேலிய ஓபன். தொடர்ந்து 41 வெற்றிகள். 2016 பிப்ரவரியில் தோஹாவில் அந்த வரிசை அறுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜோடியும் பிரிந்தது. பிரிந்த கையோடு சின்சினாட்டி இறுதியில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். சானியா பக்கத்தில் இப்போது பார்போரா ஸ்ட்ரிட்சோவா. சானியாதான் வென்றார். ரயனின் கதை தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு கோர்ட்டில்.

நோவோட்னாவின் கதையும் அங்கே நின்றுவிடவில்லை. 2014இல் 18 வயதுப் பெண்ணொருத்தி ப்ருனோ நகரில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கடிதத்தை நீட்டினாள். எனக்கு வழிகாட்டுங்கள் என்பது அதன் சாரம். அவள் பார்போரா கிரெய்ச்சிகோவா. நோவோட்னா சம்மதித்தார். 2017இல் புற்றுநோயால் 49 வயதில் அவர் இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது. அடுத்த ஆண்டு கிரெய்ச்சிகோவா, ஜூனியர் காலத்துத் தோழி கத்தரீனா சினியாகோவாவுடன் பிரெஞ்ச் ஓபனையும், நோவோட்னா வென்ற சரியாக இருபதாவது ஆண்டில் விம்பிள்டனையும் வென்றார். அந்த ஜோடி மொத்தம் ஏழு கிராண்ட்ஸ்லாம்களும் டோக்கியோ ஒலிம்பிக் தங்கமும் பார்த்தது. 2021இல் பிரெஞ்ச் ஓபன் ஒற்றையரையும், 2024இல் விம்பிள்டன் ஒற்றையரையும் கிரெய்ச்சிகோவா வென்றார். இரட்டையர் ஆடினால் ஒற்றையர் கெடும் என்று சொல்பவர்கள் இந்தப் பெண்ணின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

பத்தில் ஒரு பங்கு

இவ்வளவு செழிப்பான ஒரு கலையை இந்த விளையாட்டை நடத்துபவர்கள் எப்படி நடத்துகிறார்கள்? சுற்றுப் போட்டிகளில் டியூஸுக்குப் பிறகு ஒரே புள்ளி, மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை பிரேக்கர் என்று ஆட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள். ஆட்டங்கள் பெரும்பாலும் ஓரத்துக் கோர்ட்டுகளில், காமெராக்கள் எட்டாத நேரத்தில். 2025இல் அமெரிக்க ஓபன் ஒரு படி மேலே போனது. கலப்பு இரட்டையரைப் பிரதானப் போட்டிக்கு முந்தைய வாரத்துக்கு நகர்த்தி, 16 ஜோடிகள் மட்டும் என்று குறைத்து, பாதி இடத்தை ஒற்றையர் தரவரிசைக்கும் மீதியைத் தங்கள் விருப்பத்துக்கும் வைத்துக்கொண்டது. இறுதிக்கு முன்புவரை ஒரு செட்டுக்கு நான்கு கேம்தான். பரிசு 10 லட்சம் டாலர். இரட்டையரையே தொழிலாகக் கொண்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வெளியே.

அப்போதைய நடப்புச் சாம்பியன்கள் இத்தாலியின் சாரா எர்ரானியும் ஆந்திரேயா வவசோரியும். எர்ரானி ஒரு காலத்தில் ராபர்ட்டா வின்சியுடன் நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜாஸ்மின் பவோலினியுடன் தங்கமும், 2025இல் அவருடனே பிரெஞ்ச் ஓபனும் வென்றவர். எர்ரானியும் வவசோரியும் இந்த மாற்றத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். பிறகு விருப்ப அழைப்பில் உள்ளே வந்து, ஒற்றையர் நட்சத்திரங்களை ஒவ்வொருவராக வென்று, இறுதியில் இகா ஷ்வியான்டெக், காஸ்பர் ரூட் ஜோடியையும் 6-3, 5-7, 10-6 என்று சாய்த்தார்கள். எர்ரானிக்கு அப்போது வயது 38. ஒற்றையரில் மின்னும் இரண்டு பேரைப் பக்கம் பக்கமாக நிறுத்திவிட்டால் ஜோடியாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 5 அன்று, அதே அரங்கில் மகளிர் இரட்டையர் இறுதி. ஒரு பக்கம் சினியாகோவாவும் டெய்லர் டவுன்சென்டும். டவுன்சென்ட் அதற்குச் சற்று முன்தான் இரட்டையரில் உலகின் முதல்நிலைக்கு வந்த முதல் தாய் ஆகியிருந்தார். மறுபக்கம் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் நியூஸிலாந்தின் எரின் ரூட்லிஃபும். டப்ரோவ்ஸ்கி நம்மூருக்கு அந்நியர் அல்ல. 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபனில் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியுடன் இரட்டையர் பட்டம் வென்றவர். 2024 ஏப்ரலில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. நெருக்கமான சிலரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை முடித்து, சிகிச்சைகளுக்கு நடுவே திரும்பி வந்து, ரூட்லிஃபுடன் விம்பிள்டன் இறுதி வரை போனார். அங்கே அவர்களை வென்றது இதே சினியாகோவா, டவுன்சென்ட் ஜோடி. அந்த ஆண்டு இறுதியில் ரியாதில் நடந்த மகளிர் டென்னிஸ் சங்கத்தின் இறுதிச் சுற்றுப் போட்டியை டப்ரோவ்ஸ்கியும் ரூட்லிஃபும் வென்றார்கள். நோயைப் பற்றி உலகுக்குத் தெரிந்தது டிசம்பர் கடைசி நாளில்தான். அதுவரை அந்தக் கோர்ட்டில் ரூட்லிஃப் தாங்கிப் பிடித்தது வெறும் பேக்ஹேண்டை மட்டுமல்ல.

2025 செப்டம்பர் 5 அன்று டப்ரோவ்ஸ்கியும் ரூட்லிஃபும் 6-4, 6-4 என்று வென்றார்கள். ஜோடிக்குப் பரிசு 10 லட்சம் டாலர், ஆளுக்கு ஐந்து லட்சம். அடுத்த நாள் ஒற்றையர் பட்டம் வென்ற அரினா சபலென்காவுக்கு 50 லட்சம். ஒரே அரங்கம், அதே இரண்டு வாரப் போட்டி, பத்தில் ஒரு பங்கு கூலி. 1970இல் 12,500க்கும் 1,500க்கும் இடையே பெண்கள் கண்ட இடைவெளியைவிட இது அகலமானது. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. சமப் பரிசுக்காக ஆண்களை எதிர்த்து நின்ற மகளிர் சங்கமே இதை முதலில் கேட்க வேண்டும். இரட்டையர் கற்றுக்கொடுப்பதன் பலன் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று சபலென்காவையே கேட்டுப் பார்க்கலாம். அவர் கிராண்ட்ஸ்லாம் மேடையில் முதலில் ஏறியது இதே நியூயார்க்கில், 2019இல், பெல்ஜியத்தின் எலிஸ் மெர்ட்டன்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வென்ற இரட்டையர் பட்டத்துக்காகத்தான்.